கொண்டைக்கு ஒரு காரணம்

அந்த அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது, அவர் ஓர் ஆளுயரக் கண்ணாடியின் முன்னால் நின்று உதட்டுச் சாயத்துக்குக் காரணம் கேட்டுக்கொண்டிருந்தார்.

கோவை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் கம்பெனிக்கு ஒரு சின்ன அலுவலகம் இருந்தது. விமானத்தில் பணிக்குப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் அங்கே வர வேண்டும். வந்ததும் தோற்றச் சோதனை. நகம், தலைமுடி, காலணி, சீருடையின் மடிப்பு எல்லாவற்றையும் பார்த்து ‘ஓகே’ சொல்வதற்கென்றே ஒரு மேடம் இருந்தார். சென்னைக்காரர். ஒரு காலத்தில் அவரும் பறந்தவர்தான். ஐம்பதைத் தாண்டிய பிறகும் முதுகில் ஒரு வளைவு இல்லாமல் நிற்பார். அவர் ஓகே சொல்லாமல் யாரும் விமானத்தில் ஏற முடியாது.

அன்று எனக்கு வேலையில் முதல் நாள். வரிசையில் எனக்கு முன்னால் அந்த அக்கா.

“லிப்ஸ்டிக் சரியில்லை. சிவப்பு இன்னும் அடர்த்தியா இருக்கணும்” என்றார் மேடம்.

“மாத்திக்கறனுங்க மேடம். ஆனா அந்தச் சிவப்பு எதுக்குங்க?”

“எல்லாரும் ஒரே மாதிரி தெரியணும்.”

“ஒரே மாதிரி எதுக்குங்க தெரியோணும்?”

“பாசஞ்சருக்கு நம்ம ஆளு யாருன்னு சட்டுனு அடையாளம் தெரியணும் இல்லையா?”

“அதுக்குத்தான் கோட்டும் ஸ்கார்ப்பும் குடுத்திருக்கறீங்களே?”

மேடம் மூச்சை இழுத்து விட்டார். “ரூல் புக்ல போட்டிருக்கு. பூசிட்டு வா.”

“சரிங்க” என்று அக்கா கைப்பையைத் திறந்து அடர்சிவப்பை எடுத்துப் பூசிக்கொண்டார். அவர் குரலில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. உழவர் சந்தையில் ‘இந்தத் தக்காளி எந்த ஊருங்க?’ என்று விசாரிக்கிற தொனி. அதனால் யாராலும் அவரைக் கோபித்துக்கொள்ள முடியாது. பதில் சொல்லவும் முடியாது. மறுபடி அடுத்த சோதனையில் அதே கேள்வி வரும்.

“ஏம்மா, தினமும் இதையே கேட்கிறியே?” என்று மேடம் ஒருநாள் சலித்துக்கொண்டார்.

“நீங்க ஒருக்கா சொல்லிப்போட்டீங்கன்னா நான் அப்பறம் கேக்கவே மாட்டனுங்க மேடம்.”

அது உண்மை. காரணம் கிடைத்துவிட்டால் அதன் பிறகு அவரைப் போல அந்த விதியைக் கடைப்பிடிக்க ஆளே இல்லை. கைக்கடிகாரத்தில் நொடிமுள் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. எதற்கு என்று கேட்டார். பறக்கும்போது யாராவது மயங்கி விழுந்தால் நாடி எண்ண வேண்டும் என்று மேடம் சொன்னார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அக்கா வீட்டில் கணவர், மகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், கடைசியில் எங்களை ஏற்றிப்போகும் கார் டிரைவர் வரை எல்லோருடைய மணிக்கட்டையும் பிடித்துப் பழகினார். கொண்டை போட்டு வலை மாட்ட வேண்டும் என்பதற்கும் காரணம் கிடைத்தது: முடி சாப்பாட்டில் விழக்கூடாது, எதிலும் மாட்டிக்கொள்ளக்கூடாது. அதன் பிறகு அவருடைய கொண்டையில் ஒரு முடி பிசிறி நான் பார்த்ததில்லை. புதிதாக வரும் பெண்களிடம் மேடம், “போய் அவளோட கொண்டையைப் பாத்துட்டு வாங்க” என்று அனுப்புவார்.

ஹீல்ஸ் விஷயத்தில் மட்டும் இருவருக்கும் கடைசி வரை தீரவில்லை. “ஆபத்துன்னா ஹீல்ஸைக் கழட்டி வீசிப்போட்டுத்தான் குதிக்கச் சொல்றீங்க. கழட்டிப்போடறதை எதுக்குங்க போட்டுக்கறது?” மேடம் “நெக்ஸ்ட்” என்று என்னைக் கூப்பிடுவார்.

அக்கா கணபதியில் குடியிருந்தார். கீழே கணவரின் லேத் பட்டறை, மேலே வீடு. வீட்டில் தெலுங்கு, வெளியில் கொங்குத் தமிழ், விமானத்தில் ஆங்கிலமும் இந்தியும். எல்லா மொழியிலும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார் என்று அவர் கணவர் சொல்வார். எனக்கு வீடு துடியலூரில். கம்பெனி கார் முதலில் என்னை ஏற்றிக்கொண்டு பிறகு கணபதிக்குப் போகும். நான் அவரைத் தெரிந்துகொண்டது பெரும்பாலும் அந்தக் காரில்தான்.

என் அப்பாவுக்கு மாட்டுத் தீவனக் கடை. மகன் ஏரோப்ளேனில் காப்பி கொடுக்கிறான் என்று சொல்ல அவருக்குக் கூச்சம். கடைக்கு வருகிறவர்களிடம், “பையன் ஏர்போர்ட்டுல ஆபீசருங்க” என்று சொல்லிவிடுவார். இதை நான் சிரித்துக்கொண்டே அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“தம்பி, நீங்க எதுக்குங்க இந்த வேலைக்கு வந்தீங்க?”

“சம்பளம் பரவால்லீங்கக்கா. நாலு ஊரு பாக்கலாம்.”

“ஊருன்னு என்னங்க பாத்தீங்க? ஏர்போர்ட்டும் ஓட்டல் ரூமும்தானுங்களே?”

அந்த வாரம் முழுவதும் அந்தக் கேள்வி என்னை அரித்தது. அவரோடு இருப்பதில் இந்தச் சங்கடம் உண்டு. அவர் சும்மாதான் கேட்பார். கேட்டுவிட்டு மறந்தும் விடுவார். கேட்கப்பட்டவர்தான் தூக்கிச் சுமக்க வேண்டும். எடைச் சோதனைக்காகப் பட்டினி கிடந்த ஒரு பெண்ணிடம், “எதுக்கு கண்ணு?” என்று கேட்டார். அந்தப் பெண் அழுதுவிட்டாள். அக்கா திகைத்துப்போய், தான் சாப்பிட வைத்திருந்த வாழைப்பழத்தை உரித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய கேள்விக்கு ஒருவர் நேராகப் பதில் சொன்னதை ஒருமுறை பார்த்தேன். மழைக்காலத்தில் ஒரு மும்பை விமானம். முன்வரிசையில் கிணத்துக்கடவுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர். மகனைப் பார்க்கப் போகிறார். விமானம் மேகத்துக்குள் நுழைந்து குலுங்கத் தொடங்கியது. பணியாளர்களும் உட்கார்ந்து பெல்ட் போடும்படி அறிவிப்பு வந்தது. எங்கள் இருக்கை அவருக்கு நேர் எதிரே.

“அம்மணி, கொஞ்சம் சிரிங்களேன்” என்றார் அந்தப் பெரியவர்.

சிரியுங்கள் என்று பயணிகள் சொல்வது எங்களுக்குப் பழக்கம்தான். பெரும்பாலும் அதில் ஒரு வம்பு இருக்கும். அக்கா அவரைப் பார்த்து, “எதுக்குங்க?” என்று கேட்டார். பெரியவர் புகார் எழுதப் போகிறார் என்று நினைத்தேன்.

பெரியவர் இருக்கையின் இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்திருந்தார். “எனக்கு இது மொத தடவைங்க. நீங்க சிரிச்சமூஞ்சியா இருந்தீங்கன்னா ஒண்ணுமில்லேன்னு நெனச்சுக்குவனுங்க.”

அக்கா சிரித்தார். விமானம் குலுங்கி முடிகிற வரைக்கும் அந்தச் சிரிப்பை எடுக்கவேயில்லை. ஒரு பெரிய தூக்கிப்போடலில் நானே பெல்ட்டை இழுத்து இறுக்கிக்கொண்டேன். அக்கா அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். இறங்கும்போது பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். “கன்னமெல்லாம் வலிக்குதுங்க தம்பி” என்று அக்கா தாடையைத் தேய்த்துக்கொண்டார்.

எனக்கு அப்பா வழியில் சீக்கிரமே முடி கொட்டுகிற ராசி. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளிலேயே நெற்றி மேலே ஏறத் தொடங்கியது. மேடம் விதிப் புத்தகத்தைக் காட்டினார். முன்நெற்றி ஏறிய ஆண்கள் பாதி முடியோடு வரக்கூடாது. முழுதாக மழித்துக்கொள்ள வேண்டும். தினமும் மழித்து வழவழவென்று வைத்திருக்க வேண்டும்.

மழித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வாசலில் அம்மா என்னைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “என்ன சாமி இது? யாருக்கு என்னாச்சு?” விஷயத்தைச் சொல்லியும் அவளுக்கு ஏறவில்லை. தெருவில் எல்லோரும், “பழனிக்குப் போனீங்களா?” என்று கேட்டார்கள். அம்மாவும் வேறு வழியில்லாமல் வேண்டுதல் என்று சொல்லிவைத்தாள். மொட்டை மாதக்கணக்கில் வளராமலே இருந்ததும், “உங்க பையனுக்கு அப்படி என்னங்க வேண்டுதல்?” என்று கேட்கத் தொடங்கினார்கள். எனக்குப் பெண் பார்த்த இரண்டு இடத்தில் தலையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள்.

காரில் இதையெல்லாம் சொல்லி நானும் டிரைவரும் சிரிப்போம். ஒருநாள் அக்கா மட்டும் சிரிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். மெதுவாகக் கேட்டார்:

“தம்பி, மழிச்சா தோலு எரியுமுங்களா?”

“மொதல்ல எரியுமுங்கக்கா. பழகீருமுங்க. எதுக்குங்க கேக்கறீங்க?”

அவர் காதோரம் கை வைத்து, கொண்டையின் கீழ் விளிம்பை விரல் நுழைகிற அளவுக்குத் தூக்கிக் காட்டினார். அது விக். உள்ளே தோல் தெரிந்தது.

முதலில் காசு அகலத்துக்கு ஓரிடத்தில் கொட்டியதாம். அப்புறம் இன்னோர் இடம். பிறகு குளிக்கும்போது கொத்துக் கொத்தாகக் கையோடு வந்துவிட்டது. டாக்டர், உடம்பே தன் முடியை வேண்டாம் என்று தள்ளுகிறது, யாருக்கும் தொற்றாது, திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றிருக்கிறார். “எதுக்குங்க டாக்டர் வந்துச்சுன்னு கேட்டனுங்க. தெரியாதுன்னு சொல்லீட்டாருங்க.” சொல்லிவிட்டு அக்கா கண்ணை மூடிக்கொண்டார். ஏர்போர்ட் வரும் வரை திறக்கவில்லை.

விக் வைத்துக்கொண்டு ஒரு வருடத்துக்கும் மேல் பறந்தார். மேடத்துக்குத் தெரியும், வெளியில் சொல்லவில்லை. கோடையில் தரையில் நிற்கும் விமானத்துக்குள் ஏசி குறைவாக இருக்கும்போது அவர் காதுக்குப் பின்னால் வியர்வை வழிந்து கோட்டின் காலர் நனையும். தலையில் கொப்புளம் வந்தது. ஒரு நாள் சோதனையில் மேடத்திடம் கேட்டுவிட்டார்.

“மேடம், இந்தத் தம்பிக்கு முடியில்லேன்னா மழிச்சுக்கச் சொல்லிப் புஸ்தகத்துல போட்டிருக்குதுங்க. நானும் மழிச்சுக்கிட்டு வரட்டுங்களா?”

“அது ஜென்ட்ஸ் பக்கத்துல இருக்கற ரூல்மா. லேடீஸுக்குக் கொண்டைதான்.”

“கொண்டை, முடி சோத்துல உழுவக்கூடாதுன்னுதானுங்களே? இல்லாத முடி எப்படிங்க உழுவும்?”

“பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?”

“இவரைப் பாத்து ஒண்ணும் நெனைக்கறதில்லீங்களே?”

“அவர் ஆம்பளை.”

“அது தெரியுமுங்க மேடம். அதுல காரணம் என்னங்க?”

மேடம் அன்றும் “நெக்ஸ்ட்” என்றார். ஆனால் என்னைச் சோதிக்கும்போது அவர் கண் என் மீது இல்லை.

அதன் பிறகு வந்தது வருடாந்தரப் பாதுகாப்புப் பயிற்சி. பெங்களூரில் ஒரு கூடத்தில், விமானத்தின் உள்பகுதி போலவே செய்துவைத்த அறை. அதில் புகையை நிரப்புவார்கள். தலையிலிருந்து கழுத்து வரை மூடும் ஒரு புகைக்கவசம் உண்டு. அதை மாட்டிக்கொண்டு உள்ளே போய் தீயைத் தேடி அணைத்துவிட்டு வர வேண்டும். கவசத்தின் அடியில் ரப்பர் வளையம் கழுத்தை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அக்கா கவசத்தை இழுத்துப் போட்டபோது விக் நழுவி அதன் விளிம்பு ரப்பருக்கு இடையில் மாட்டிக்கொண்டது. எங்களுக்கு அது தெரியவில்லை. உள்ளே போன சில நொடிகளில் பயங்கரமான இருமல் கேட்டது. கையை உயர்த்திக்கொண்டு தள்ளாடி வெளியே வந்தார். கவசத்தைக் கழற்றினோம். கண்ணெல்லாம் தண்ணீர். விக் முன்னால் சரிந்து பாதி முகத்தை மறைத்திருந்தது. பயிற்சிக்கு வந்திருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இளம் பெண் ஒருத்தி சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பிக்கொண்டாள்.

அக்கா மூச்சு சீராகும் வரை நின்றார். பிறகு விக்கை முழுதாக எடுத்து ஒரு நாற்காலியில் வைத்தார். வெறும் தலையோடு இன்னொரு கவசத்தை வாங்கி மாட்டிக்கொண்டார். ரப்பர் கழுத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. மறுபடி புகைக்குள் போனார். தீயை அணைத்துவிட்டு வெளியே வந்தார்.

பயிற்சி அதிகாரி கறாரான மனிதர். அக்காவுக்குத் தேர்ச்சி கொடுத்தார். ஆனால் இனி விக்கோடு பறக்க அனுமதிக்க முடியாது என்று எழுதிவிட்டார்.

ஊர் திரும்பும்போது அக்கா உற்சாகமாக இருந்தார். “காரணம் கெடைச்சுப்போச்சுங்க தம்பி. இனி மேடம் ஒண்ணும் சொல்ல முடியாது.” நடந்ததோ வேறு. பாதுகாப்புப் பிரிவு விக் கூடாது என்றது. தோற்றப் பிரிவு விக் இல்லாமல் கூடாது என்றது. இரண்டுக்கும் நடுவில் அக்கா பறப்பதை நிறுத்தி, அவரை அலுவலகத்தில் போன் எடுக்க உட்காரவைத்தார்கள். தலைமை அலுவலகம் முடிவு சொல்லும் என்றார்கள். மாதங்கள் போயின. கம்பெனி கார் பறக்கிறவர்களுக்கு மட்டும்தான் என்பதால், கணவர்தான் பைக்கில் கொண்டுவந்து விடுவார். ஒருநாள் வாசலில் அவரிடம், அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“சாப்பாடு எறங்கறதில்லீங்க. வேலையை உட்டுப்போடுன்னு சொன்னா, எதுக்குன்னு கேக்கறா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து பதில் சொல்லீட்டுத்தான் இருக்கறனுங்க. இதுக்கு எனக்கே பதில் தெரியலீங்க” என்றார் பட்டறைக்காரர்.

அந்த நாட்களில் அக்கா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு போனை எடுப்பார், பதில் சொல்வார், வைப்பார். மேடம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்று, அவர் ஏதாவது கேட்பார் என்று காத்திருப்பது போல இருக்கும். அக்கா நிமிர்ந்து வணக்கம் சொல்வதோடு சரி. எங்களுக்கெல்லாம் அது பழைய கேள்விகளைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒரு நாள் மாலை, வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்காவின் மேசைக்கு மேடம் வந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“நாளைக்குக் காலைல சென்னை ப்ளைட்ல உன் பேரைப் போட வெச்சிருக்கேன். யூனிபார்ம்ல வந்துடு.”

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. “தலைக்குங்க மேடம்? விக் வெச்சுக்கக்கூடாதுன்னு சொல்லீட்டாங்களே…”

“விக் எதுக்கு?” என்றார் மேடம். “மழிச்சிட்டு வா. வழவழன்னு இருக்கணும். இவன் மாதிரி.”

மறுநாள் சோதனையில் அக்கா அந்தக் கண்ணாடியின் முன்னால் நின்றார். கழுத்தில் ஸ்கார்ப், காதில் சின்னத் தோடு, அடர்சிவப்பு உதடு, அதற்கு மேல் வழவழப்பான தலை. மேடம் அவரை ஒருமுறை சுற்றி வந்தார். நகத்தைப் பார்த்தார். “ஓகே” என்றார்.

விமானத்தின் வாசலில் அக்கா நின்று எல்லோரையும் வரவேற்றார். சிலர் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல உள்ளே போனார்கள். சிலர் உட்கார்ந்த பிறகு தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நடுவரிசையில் ஓர் அம்மா, திருப்பூர்க்காரர், வெளிப்படையாகவே கேட்டார்.

“ஏனுங்கம்மணி, திருப்பதிங்களா பழனிங்களா?”

“ரெண்டுமில்லீங்க. முடி தானா கொட்டிப்போச்சுங்க.”

“அடக் கெரகமே. வலிக்குதுங்களா?”

“இல்லீங்க.”

“அப்பச் சரி. ஒரு காப்பி குடுங்க, சக்கரை கம்மியா.”

அந்த வரிசையைத் தாண்டியதும் அக்காவின் தோள்கள் இறங்கி இயல்பானதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

எல்லோரும் அந்த அம்மாவைப் போல இல்லை. ஒருவர் புகார் அனுப்பினார். காலையில் நல்ல காரியமாகக் கிளம்பும்போது மொட்டைத் தலையோடு ஒரு பெண் எதிரே நின்றது சகுனம் சரியில்லை என்று. புகார் மேடத்திடம் வந்தது. எங்கள் பணியாளர் விதிப்படிதான் இருந்தார் என்று இரண்டே வரியில் பதில் போட்டுவிட்டு, மேடம் கம்ப்யூட்டரை அணைத்தார். தலைமை அலுவலகத்திலிருந்து அவருக்குக் கடுமையான போன் வந்தது. கதவுக்கு வெளியே எங்களுக்கே கேட்டது. அக்காவின் பெயரை மட்டும் அவர் பட்டியலிலிருந்து எடுக்க விடவில்லை.

ஒருமுறை விமானம் தாமதமாகி நான் அந்த அறையில் காத்திருந்தபோது மேடத்திடம் கேட்டேன், ஏன் துணிந்தார் என்று. அவர் தன் காலத்தைப் பற்றிச் சொன்னார். அப்போது கல்யாணம் செய்துகொண்டால் வேலை போய்விடுமோ என்று பயப்படுவார்களாம். மாதாமாதம் எடை பார்ப்பார்கள். குழந்தை பிறந்த பிறகு எடை கொஞ்சம் கூடிப்போனதற்காக அவரைத் தரையில் உட்காரவைத்தார்கள். வெள்ளரிக்காயும் கருப்புக் காப்பியுமாக இருந்து எடையைக் குறைத்துத் திரும்பப் போனார். பால் வற்றிப்போயிற்று.

“நான் யாரையும் எதுக்குன்னு கேட்கலை. கேட்கலாம்னே தோணலை” என்றார். “இவ தினம் தினம் கேட்டா. நானும் ராத்திரி படுத்துக்கிட்டு ஒரு நல்ல காரணமாத் தேடிப் பார்த்தேன், காலைல சொல்லி வாயை மூடிடலாம்னு. கிடைக்கலை.”

மழித்த தலையோடு அக்கா ஒரு வருடம்போலப் பறந்தார். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. முடி திரும்ப வந்தது.

பஞ்சு போல, பாதி வெள்ளையாக. காரில் ஏறியதும் அக்கா தலையைக் குனிந்து காட்டினார். “தொட்டுப் பாருங்க தம்பி.” கோழிக்குஞ்சைத் தொடுவது போல இருந்தது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. விதிப்படி ஒன்று வழவழப்பு, அல்லது கொண்டை. நடுவில் எதுவும் கிடையாது. பறக்க வேண்டுமானால் முளைத்த முடியைத் தினமும் மழிக்க வேண்டும். சில வாரம் மழித்தார். குளியலறைத் தரையில் தன் முடியைப் பார்க்கப் பார்க்க அவரால் தாங்க முடியவில்லை. முடி கொட்டியபோது அழாதவர் அப்போதுதான் காரில் அழுதார். மேடத்திடம் போய் எதுவும் கேட்காமல் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்தார். மேடமும் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

கணபதிப் பக்கம் போகும்போது எப்போதாவது பார்ப்பேன். பட்டறை வாசலில் நின்றுகொண்டிருப்பார். முடி காது வரை வந்திருக்கும். அடுத்த முறை பார்க்கும்போது இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கும். கொண்டை போடும் நீளத்துக்கு இன்னும் வருடக்கணக்கில் ஆகும். அதற்குள் வேலை போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அதற்கு முன்னால் கம்பெனி மாறியது. வேறு விமானக் கம்பெனிகள் எல்லாம் தோற்ற விதிகளை மாற்றத் தொடங்கியிருந்தன. எங்களுக்கும் புதிய விதிகள் வந்தன. பெண்கள் பேன்ட் போடலாம். தட்டைக் காலணி போடலாம். முடியைக் குட்டையாக விட்டுக்கொள்ளலாம். நரைக்குச் சாயம் பூச வேண்டியதில்லை. ஆண்களும் முன்நெற்றி ஏறியிருந்தால் அப்படியே வரலாம். என் அம்மா ஒரு மாதம் காத்திருந்தாள். எனக்கு வளர்வதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. விடுப்பில் இருந்தவர்களைத் திரும்ப அழைத்தார்கள். அக்காவும் வந்தார்.

அதே சுற்றறிக்கையின் கடைசியில் இன்னொன்றும் இருந்தது. இனிமேல் தோற்றச் சோதனைக்கு ஆள் தேவையில்லை. அவரவர் கண்ணாடி முன் நின்று போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும். மேடத்தைச் சென்னையில் வேறு வேலைக்கு வரச் சொன்னார்கள். அவர் போதும் என்று சொல்லிவிட்டார்.

அக்கா திரும்பி வந்த நாளும் மேடத்தின் கடைசி நாளும் ஒன்றாக அமைந்தன. கண்ணாடி முன்னால் பெண்கள் ஒவ்வொருவராகப் படம் எடுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். மேடம் ஓரமாகத் தன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மேசையில் எதுவும் இல்லை. அக்கா உள்ளே வந்தார். பேன்ட், தட்டைக் காலணி, காதுக்குக் கீழே நிற்கும் நரைமுடி. போனை வெளியே எடுக்கவில்லை. நேராக மேடத்தின் முன்னால் போய், வழக்கமாக நிற்கிற மாதிரி கைகளை நீட்டிக்கொண்டு நின்றார்.

“பாருங்க மேடம்.”

“இப்ப நான் பார்க்கணும்னு இல்லைம்மா. போட்டோ எடுத்து அனுப்பிடு.”

“தெரியுமுங்க. நீங்க பாருங்க.”

மேடம் எழுந்தார். காலணியிலிருந்து ஆரம்பித்தார். நகம், காலர், பெயர்ப்பட்டை. ஸ்கார்ப்பின் முடிச்சை ஒரு விரலால் நடுவுக்குக் கொண்டுவந்தார். தலைக்கு வந்தபோது, காதுக்கு மேல் ஒரு கொத்து முடி தனியாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அதைப் படியவைத்தார். எழுந்துகொண்டது. விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, மறுபடி படியவைத்தார். மறுபடி எழுந்தது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“விடு” என்றார் மேடம். “இருந்துட்டுப் போகட்டும்.”

வெளியே வண்டி ஹாரன் அடித்தது. நாங்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு விமானத்துக்குக் கிளம்பினோம்.